அமிர்தம் கொடுத்த புதன்கிழமை

திருப்பனந்தாள் பக்கத்தில் நடவுக்குப் பெண்ணாட்கள் வேண்டுமென்றால் அமிர்தத்திடம்தான் சொல்ல வேண்டும். பதினாறு பேர் கொண்ட குழு. யார் வயலில் எந்த நாள் இறங்குவது என்பதை அவர் எங்கும் எழுதி வைத்ததில்லை. இருபது வருடமாக எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது.

ஆவணியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் வலிப்பு. கண்விழித்தவர் மகள் வானதியைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்டார். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். ஏதோ வைரஸ் தாக்கி மூளை வீங்கியிருக்கிறது என்றார்கள். பதினெட்டு நாள் கழித்து அமிர்தம் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். பேச்சில் பிசகில்லை, நடையில் பிசகில்லை. பிழைத்துக்கொண்டார் என்று ஊர் முடிவு கட்டியது. அவரும்தான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, குழு குணசேகரன் வயலில் நட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு நிலக்காரரான பஞ்சநதம் வரப்பில் வந்து நின்றார்.

"ஒரே நாளை எத்தனை பேருக்குத்தான் கொடுப்ப அமிர்தம்? நாத்தப் பறிச்சு நேத்தே வயல்ல போட்டாச்சு. வெயில்ல கிடந்து வாடுது."

"உங்களுக்கு நாளே கொடுக்கலீங்களே."

"கொடுக்கலையா! ஆஸ்பத்திரிக்குப் போனா பொய்யும் சேத்துக் கொடுத்து அனுப்புறாங்களா?"

"நான் ஏங்க பொய் சொல்லணும்? நீங்கதான் கனவு கண்டிருப்பீங்க."

பெண்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்று நடும் அறிவுமதி மட்டும் சிரிக்கவில்லை. பஞ்சநதம் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கொடுத்தீங்கக்கா. போன சனிக்கிழமை, ரேஷன் கடை வாசல்ல. நானும் நின்னேன்."

அமிர்தம் நினைத்துப் பார்த்தார். வரிசை நினைவிருந்தது, அரிசிப் பை நினைவிருந்தது. பஞ்சநதம் அங்கே இல்லை. மறந்துபோனதாகத் தோன்றவில்லை, நடக்கவே இல்லை என்றுதான் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

மறுவாரம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். அமிர்தத்துக்கு ஒன்றுதான் வந்தது. வீக்கம் வற்றிவிட்டது, புதிதாகக் கேட்பதைப் பதித்துக்கொள்ளும் இடம் அடிபட்டிருக்கிறது என்றார் அவர்.

"சில பேருக்கு மாசக்கணக்குல திரும்பும்மா. முழுசா வருமான்னு இப்பச் சொல்ல முடியாது."

திரும்பும் பஸ்ஸில் வானதி, "ஊர்ல மூச்சு விடாதம்மா. பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்க. அப்புறம் ஒருத்தரும் நடவுக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றாள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

ஆனாலும் இறங்கியதும் அமிர்தம் நேராகப் பஞ்சநதம் வீட்டுக்குப் போனார்.

"நீங்க பொய் சொல்லலீங்க. காய்ச்சலுக்கப்புறம் எனக்குத்தான் பேசினது தலையில நிக்கமாட்டேங்குது."

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதுங்க."

பஞ்சநதம் வயல் பக்கம் கையைக் காட்டினார். "பறிச்சது வீணாப் போச்சு. மிச்ச நாத்து இன்னும் நாத்தங்கால்லதான் நிக்குது. வயசாயிட்டே போகுது. என்னிக்கு வருவ?"

ஒரு கிழமையின் பெயர் அமிர்தத்தின் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"எந்த நாள்னு அறிவுமதிகிட்டக் கேட்டுக்கங்க. நட நான் வந்துடுவேன்."