அவர் காதும் என் தொண்டையும்

எங்கள் வீட்டில் எதையும் மூன்று முறை சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம். முதல் முறை என் கணவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். இரண்டாவது முறை திரும்பிப் பார்த்து "என்ன?" என்பார். மூன்றாவது முறை நான் கத்துவேன். கீழ்வீட்டு மாமி, அம்மாமண்டபம் ரோட்டுக்கே கேட்கிறது என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

கல்யாணமான புதிதில் இதை அவர் ஊரான துறையூரின் பழக்கம் என்று நினைத்தேன். அவர் வீட்டு மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் அடுத்த வயலில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார்கள். பிறகுதான் விஷயம் புரிந்தது. துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை வெட்டுவதும் தேய்ப்பதுமாக வேலை பார்த்தவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, அது என் பிரச்சினையாகிவிட்டது.

நான் தமிழாசிரியை. வருடா வருடம் ஆறாம் வகுப்புக்கு மரபுச் சொற்கள் நடத்துகிறேன். குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும். அந்த வரிசையில் 'மனைவி கத்தும்' என்றும் சேர்த்துவிடலாமா என்று பல நாள் தோன்றியிருக்கிறது. ஓசை, ஒலி, அரவம், இரைச்சல், முணுமுணுப்பு என்று சத்தத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. பகலெல்லாம் பிள்ளைகளிடம் தொண்டையைக் கொடுத்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்பினால், அத்தனையும் எனக்கு ஏட்டோடு சரி. ஒரு முணுமுணுப்புக்குக் கூட வழியில்லை.

மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். போன் பேச்சு அப்பாவுக்குச் சரிப்படவில்லை என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். பதிவு செய்த குரலில் ஒரு சௌகரியம், எத்தனை முறை போட்டாலும் அது அலுத்துக்கொள்ளாது. இவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் போடுவார். கடைசியில் என்னிடம் நீட்டி, "என்ன சொல்றான்?" என்பார். அவன் கொஞ்சலாகச் சொன்னதை நான் கத்திச் சொல்ல வேண்டும். "அப்பா, உங்களப் பாக்கணும் போல இருக்கு" என்பதை ஒருமுறை கத்திச் சொல்லிப் பாருங்கள். சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கும்.

எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. என் வீட்டுக்குள் மெதுவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "என் காதுக்கு என்ன? நீதான் வாய்க்குள்ளயே பேசற" என்பார். போன மாதம் எனக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் குரலே எழும்பவில்லை. வீட்டில் பேச்சே நின்றுபோனது. அந்த வார முடிவில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "சரி, வா, காட்டிட்டு வரலாம்" என்றார்.

மன்னார்புரத்தில் மாடியில் ஒரு காது கிளினிக். பரிசோதிக்கும் பெண்ணுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னாள். அவர் டக் டக்கென்று தூக்கினார். "வயசுக்கு நல்லாவே கேக்குது மேடம்" என்றாள் அவள். அப்படியானால் இத்தனை வருடம் நான் கத்தியது எதற்கு?

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவர் முகத்தில் பரீட்சையில் தேறிய பையனின் பெருமை. "அந்தப் பொண்ணு பட்டனை அமுக்கறப்ப தோள் லேசா அசையுது. அதப் பாத்து விரலத் தூக்கினாப் போதும்" என்றார். கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை மெடிக்கல் செக்கப் நடக்குமாம். காது சரியில்லை என்று எழுதிவிட்டால் ஓவர்டைம் இல்லாத வேலைக்கு மாற்றிவிடுவார்களாம். அதனால் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த வித்தை. வேலையை விட்டு வந்தும் பயம் விடவில்லை. எங்கள் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அவர் கையைப் பிடித்து மறுபடி மாடிக்கு இழுத்துப் போனேன்.

நடந்ததைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டு, அவர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். இப்போது ஒவ்வொரு சத்தத்துக்கும் பரிசோதனை மெஷினில் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அவர் விரல் தொடைமேல் அப்படியே கிடந்தது. அத்தனை நாள் கோபமும் போய் எனக்கு அழுகை முட்டியது. அடுத்து, பதிவு செய்த குரலில் சின்னச் சின்னச் சொற்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தாள். "யாரோ பேசுறாங்கன்னு தெரியுது. என்னன்னுதான் புரியல" என்றார். அந்தக் குரலின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அவருக்கு நான் இரைச்சலாகத்தான் இருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் காது மெஷினைப் பொருத்தினார்கள். "மேடம், அவர் பின்னாடி நின்னு ஏதாவது சொல்லுங்க, மெதுவா" என்றாள் அந்தப் பெண். "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்றேன். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். இன்னும் மெதுவாக என்றாள். "கேஸ் அணைச்சாச்சா?" அதுவும் கத்தலாகவே வந்தது. எனக்கே வெட்கமாகப் போயிற்று.

மூன்றாவதாக என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். இத்தனை வருடமும் கத்திச் சொல்லக்கூடியதை மட்டுமே அவரிடம் சொல்லியிருக்கிறேன். மாத்திரை, கேஸ், கதவு, சாப்பாடு. மற்றதெல்லாம் கத்திச் சொல்ல முடியாததால் உள்ளேயே கிடந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்குங்க."

அவர் காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு நாற்காலியோடு என் பக்கம் திரும்பி, "எத்தன வருஷமா?" என்று கேட்டார்.