‘இயற்கை’ என்று கேட்காதீர்கள்: வேங்கிக்காலில் அங்ககச் சான்று தேடிய ஒரு நாள்

எங்கள் ஒன்றரை ஏக்கர் கொல்லை கீழ்பென்னாத்தூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மூன்று வருடமாக அம்மா அதில் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் வேர்க்கடலை பயிரிடுகிறார். ஓசூரில் கம்பெனி வண்டி ஓட்டும் அப்பாவுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. விளைச்சல் குறைவு, விலையோ எல்லோருக்கும் கிடைக்கும் அதே விலை. “மார்கழிப் பட்டத்துக்குள்ள சான்றுக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா குத்தகைக்கு உட்டுடலாம்” என்று சொல்லிவிட்டார். குத்தகைக்குக் கேட்பவர் பக்கத்துக் கொல்லைக்காரர். அவர் கைக்குப் போன மறுநாளே உர மூட்டை இறங்கும்.

அதனால் காலாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அம்மாவும் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். நான் பதினொன்றாம் வகுப்பு. விண்ணப்பம் நிரப்புவது என் பொறுப்பு. இதே வேலையாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காலை 7.50க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுமார் இருபது கிலோமீட்டர் போக ஐம்பத்தைந்து நிமிடம். பஸ் நிலையத்தில் இட்லி சாப்பிட்டு (இருவருக்கும் 60 ரூபாய்), ஷேர் ஆட்டோவில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் இறங்கினோம். தலைக்கு 20 ரூபாய். மணி 9.40.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். வாசலில் நின்றவரிடம், “இயற்கைச் சான்று வாங்கணும்ங்க, எங்க போவணும்?” என்று கேட்டேன்.

“இயற்கையா? மாடிக்குப் போ பாப்பா. லெஃப்ட்ல மூணாவது ரூம்.”

ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் மேசையில் இருந்தவர் பேனாவை எடுத்தார். “எப்ப நடந்தது?”

“மூணு வருஷமா நடக்குதுங்க” என்றார் அம்மா, பெருமையாக.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “மூணு வருஷமாவா? வீடு முழுசா போச்சா, பாதியா?”

அது இயற்கை இடர்பாட்டு நிவாரணத்துக்கான அறை. பின்னால் நின்ற அக்கா, “ஏம்மா, உன் வீடு நல்லாத்தான இருக்கு? அப்ப வழிய உடு, எங்க கூரை பறந்து பத்து நாளாச்சு” என்றார். அவரும் சிரித்தார், மேசைக்காரரும் சிரித்தார். பிறகு அவரே ஒரு துண்டுச் சீட்டில் ‘அங்ககம்’ என்று எழுதிக் கொடுத்தார். “கவர்மெண்ட் தமிழ்ல இயற்கை விவசாயத்துக்கு இதாம்மா பேரு. இதச் சொல்லிக் கேளுங்க, கரெக்டா காட்டுவாங்க.”

உண்மைதான். அந்தச் சொல்லைச் சொன்னதும் பத்து நிமிட நடையில் இடம் வந்துவிட்டது. ஆட்டோவில் வரும்போதே ‘விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்பு’ என்ற அந்தப் பலகையைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். முதல் சொல் ‘விதை’ என்று இருந்ததால் நான் மேலே படிக்கவில்லை.

உள்ளே இருந்த பெண் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு வருடம் ‘மாறுதல் காலம்’, அதன் பிறகே முழுச் சான்று என்றார். எனக்கு முகம் வாடியது. அதைப் பார்த்தாரோ என்னவோ, “ஏற்கெனவே ரசாயனம் எதுவும் போடலன்னு ஆதாரம் இருந்தா, அந்தக் காலத்தைக் கொறைக்கச் சொல்லிக் கேக்கலாம்” என்றார். அம்மா பையிலிருந்து, உர மூட்டைக்குப் பதிலாக வாங்கிப் போட்ட புண்ணாக்கின் மூன்று வருட ரசீதுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

“மருந்து ஏதாவது அடிச்சீங்களா?”

“இல்லங்க.”

“களைக்கு?”

அம்மா ஒரு நொடி தயங்கினார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

“போன ஐப்பசியில களைக்கொல்லி அடிச்சேங்க. வரப்புல மட்டுந்தான். கொல்லையில ஒரு சொட்டு கூட இல்ல.”

“வரப்பும் நெலந்தாம்மா” என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. “மழை பேஞ்சா எங்க எறங்கும், சொல்லுங்க?”

ரசீதுகள் மறுபடி பைக்குள் போயின. இரண்டு வருடம் முழுதாகக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘கடைசியாக ரசாயனம் பயன்படுத்திய நாள்’ என்ற இடத்தில் என் பேனா நின்றது. “எழுதுடி” என்றார் அம்மா. எழுதினேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். “எதுக்கும்மா சொன்ன? யாரு பார்த்தாங்க?”

“ஆய்வுக்கு வர்றவங்க காலையெல்லாம் மிதிச்சிக்கினு இருப்பியா நீ?”

ஒரு மணிக்கு அங்கிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோ பிடித்தோம். 180 ரூபாய். கிரிவலப் பாதையில் இயற்கை விளைபொருள் விற்கும் ஓர் அண்ணன் முன்பு ஒருமுறை எங்கள் கடலையைக் கேட்டிருந்தார். இரண்டு வருடக் கதையைக் கேட்டுவிட்டு, “சான்று இல்லாம இயற்கைனு ஒட்ட மாட்டேங்க்கா. மாறுதல் காலம்னு பேப்பர் வந்தா, அதையே சீட்டுல எழுதி விக்கலாம். வெல ரொம்ப ஜாஸ்தி வராது, மண்டிய விட கொஞ்சம் மேல” என்றார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அப்பாவுக்குப் போன் போட்டார். “ஏங்க, ரெண்டு வருஷம் ஆவுமாம்... கேட்டாங்க, சொன்னேன்... பதிஞ்சிட்டேன். குத்தகை இல்லன்னு பக்கத்துக் கொல்லக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.” மறுமுனையில் அப்பா நீளமாக ஏதோ பேசினார். அம்மா எல்லாவற்றுக்கும் “ம்” போட்டார். கடைசியில், “சரி, சாப்ட்டீங்களா?” என்று கேட்டு வைத்துவிட்டார். 4.30க்கு ஊர் திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியையும் அதை ஒட்டிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள், ஆட்டோ கிடைக்காது. சிட்டா, ஆதார், பான் அட்டை நகல், இரண்டு போட்டோ, மண், தண்ணீர் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பரிசோதனை அறிக்கை எங்களிடம் இல்லை. விண்ணப்பத்தைப் பதிந்துகொண்டார்கள், ஆனால் அறிக்கையைக் கொடுக்க இன்னொரு முறை போக வேண்டும். ஊரில் ஐந்து பேர் சேர்ந்தால் குழுவாகப் பதியும் முறையும் உண்டாம், செலவு குறையும் என்றார்கள். நாங்கள் இன்னும் நான்கு பேரைத் தேடுகிறோம். முக்கியமாக, வீட்டிலேயே உட்கார்ந்து வரப்பு, வாய்க்கால் ஓரம், கிணற்றடி என்று எங்கெங்கே என்ன தெளித்தீர்கள் என்பதை மாதத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய் யோசித்தால் பக்கத்தில் இருப்பவர் காலை மிதிப்பார்.

எங்கள் வரப்பில் இப்போது புல் முழங்கால் உயரம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அறுக்கப் போகிறோம். வீட்டில் ஒரே அரிவாள்தான் இருந்தது; அம்மா நேற்று எனக்கும் ஒன்று வாங்கி வந்தார்.