எட்டாம் ஸ்தலத்தில் அழுதவள்

அழுகை எனக்கு இலேசில் வராது. செத்த வீட்டுக்குப் போனால் சிரிப்புத்தான் வரும். பெட்டி மூடுகிற நேரம் பார்த்து யாராவது தும்மினால் போதும், நான் முடிந்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளியபடியே ஜெபமாலை சொல்லுவாள்.

இப்படிப்பட்ட என்னைத்தான், நான் நாலாம் வகுப்பில் இருந்த வருஷம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதைக்கு, இயேசுவைக் கண்டு அழுகிற ஜெருசலேம் பெண்களில் ஒருத்தியாகத் தெரிந்தெடுத்தார்கள். திறமையைக் கண்டல்ல. எங்கள் வீட்டில் கறை படாத நீலக் கட்டில் விரிப்பு ஒன்று இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு நிற்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

அழப் பழக்கிவிடச் சொல்லிச் சின்னம்மாவைப் பிடித்தேன். சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டு முன்னறையில், என் கட்டிலோடு ஒட்டிப் போட்ட மடக்குக் கட்டிலில் படுப்பாள். ஒழுங்கை முனையில் டொக்டரின் வீட்டோடு சேர்ந்திருந்த கிளினிக்கில் நேர்ஸ். வீட்டுக்கு வரும்போது டெட்டோல் வாசம் அவளுக்கு முன்னே வந்து கதவைத் திறக்கும். இன்றைக்கும் ஏதாவது ஆஸ்பத்திரியில் அந்த வாசத்தில் நிலம் துடைத்திருந்தால் நான் நடுவழியில் நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொண்டு முறைப்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல முடியும்?

என் பகிடிகளுக்கு முடிவு வருவதற்கு முன்பே சிரித்த ஒரே ஆள் அவள். மற்றவர்கள் முடிந்த பிறகும் சிரித்ததில்லை. அவள் எங்களை விட்டு எங்கேயும் போய்விடக் கூடாது என்று இரவில் படுக்கும்போது அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்பேன். அந்தோனியார் தொலைந்த சாமானைக் கண்டுபிடித்துத் தருகிறவர். தொலையாமல் பார்த்துக்கொள்வது அவருடைய இலாகா இல்லை என்பது எனக்குத் தெரியாது.

கிளினிக்குக்குப் பெண்கள் மட்டக்குளியிலிருந்தும் வத்தளையிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். மழையும் இருக்காது, வெயிலும் இருக்காது, குடை மட்டும் முகத்துக்கு முன்னால் விரிந்திருக்கும். சிலரின் இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும், கையில் இன்னொன்று தொங்கும். திரும்பிப் போகும்போது சின்னம்மா பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கொஞ்ச நேரம் வாங்குப் பலகையில் இருத்தி அனுப்புவாள்.

"உங்கட கிளினிக்கில என்ன வருத்தத்துக்கு மருந்து குடுக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"களைச்சுப்போன வருத்தத்துக்கு" என்றாள்.

அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது, முக்கியமாகக் கணக்குப் பாடம் நடக்கும்போது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்கள் வயிற்றில் தங்கிய பிள்ளையைப் பெற வழியில்லாமல் வந்தவர்கள் என்பதும், அதற்கு உதவுவது சட்டப்படியும் கோயில்படியும் குற்றம் என்பதும் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் பேசாதிருப்பது எங்கள் ஒழுங்கையின் பழைய ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைக் குழப்பியவர் கசெற் அங்கிள். ஒழுங்கையின் செபக் கூட்டத்தை நடத்தியவர். வெளிநாட்டிலிருந்த தம்பி அவருக்குக் கருக்கலைப்பைப் பற்றிய ஒரு வீடியோ கசெற் அனுப்பியிருந்தார். அதைத் தன் வீட்டு டெக்கில் போட்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவர்களுக்குக் காட்டினார். நாங்கள் கதவிடுக்கில் கண்ணை வைத்தும் திரைச்சீலைதான் தெரிந்தது. உள்ளே போன பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்தக் கிழமையிலிருந்து செபத்தில் கொலைகாரர் என்ற சொல் புகுந்தது. டொக்டரின் மதிலில் யாரோ சிவப்புப் பெயின்றில் 'ஏரோது' என்று எழுதினார்கள். கிறிஸ்மஸுக்குப் போடுகிற நத்தார் நாடகத்தில் முடியும் பட்டும் போட்டுக்கொண்டு குழந்தைகளைக் கொல்லச் சொல்லுகிற அரசன்தான் ஏரோது. எல்லாரும் அடிபட்டு வாங்குகிற வேஷம் அது. டொக்டருக்கு அது கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

தவக்காலத்தில் ஒரு பின்னேரம் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"தங்கச்சிய அங்கயிருந்து எடுங்க. இல்லாட்டி இந்த வீட்டுக்கே சாபம் வரும்."

அப்பா துறைமுகத்தில் கிளார்க். எந்தப் பக்கமும் சாயாமல் ஓய்வூதியம் வரை போய்ச் சேருவதே அவருடைய வேதம். பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பதில் சொன்னது சின்னம்மாதான்.

"அங்கிள், அங்க வாற பொம்பளையள் எங்கட ஒழுங்கையிலயும் இருக்கினம். பேர் சொல்ல மாட்டன். நீங்க கேக்கவும் வேண்டாம்."

"உனக்கு நரகம் பயமில்லையா பிள்ளை?"

"டெய்லி ஆமி செக்பொயின்றால போய் வாறன் அங்கிள். பழகிட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் கிள்ளவில்லை. அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "அந்த வேலைய விட்டிடடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். சின்னம்மா அந்தத் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தாள். அவ்வளவுதான்.

பெரிய வெள்ளிக் காலையில் நாங்கள் வேஷம் கட்டிக்கொண்டிருந்தபோது டொக்டர் வீட்டு வேலைக்காரப் பெண் ஓடி வந்தாள். மட்டக்குளியிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்களாம். வீட்டிலேயே யாரோ குச்சியால் ஏதோ செய்துவிட்டார்களாம். இரத்தம் நிற்கவில்லையாம்.

"இண்டைக்குப் போகாத. சொன்னாக் கேள்" என்று அம்மா வாசலை மறித்தாள்.

"பெரிய வெள்ளியெண்டு இரத்தம் நிக்குமா, அக்கா? விடு."

போகிற போக்கில் ஒரு சின்னத் தைலப் போத்தலை என் கையில் வைத்தாள். "கண்ணுக்குக் கீழ ஒரு சொட்டு. ஒண்டு மட்டும். சரியா, ஜெருசலேம் அக்கா?"

ஒரு சொட்டு சாதாரண நடிகைகளுக்கு. நான் பாதிப் போத்தலைப் பூசினேன்.

எங்கள் சிலுவைப்பாதை ஒழுங்கைக்குள்ளேயே நடக்கும். இயேசு சிலுவையோடு நின்ற பதினான்கு ஸ்தலங்களுக்கும் ஸ்தலத்துக்கு ஒரு வீடாக வாசலில் மேசை போட்டு மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். யுத்த காலமென்பதால் பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டும். கூர்மையான ஈட்டி கூடாது என்பதால் ரோமப் படைவீரர்கள் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு வந்தார்கள். சிவப்புப் போர்வை, வெள்ளிப் பேப்பர் ஒட்டிய தொப்பி, இடுப்புப் பட்டியில் தேசிய அடையாள அட்டை. அது இல்லாமல் எங்கள் பகுதியில் எந்தத் தமிழ் இளைஞனும் இயேசுவைச் சிலுவையில் அறையவும் வெளிக்கிட மாட்டான்.

பெண்கள் அழுகிற எட்டாம் ஸ்தலம் வழமையாகத் தையற்கடை வாசலில். அந்த வருஷம் கசெற் அங்கிள் அதை டொக்டரின் கேற்றடிக்கு மாற்றியிருந்தார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. பங்குச் சுவாமிக்கும் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அதில் பரம சந்தோஷம். சின்னம்மா ஜன்னலால் பார்ப்பாள், நான் அழுகிற அழுகையில் அசந்துபோவாள் என்று முன்வரிசைக்கு இடித்துக்கொண்டு போனேன்.

அங்கிள் செபம் சொன்னார். நீளமான செபம். பிள்ளைகளின் இரத்தம் இந்த வாசலில் நின்று கூப்பிடுகிறது என்றார். பரலோகத்திலிருந்து நெருப்பு இறங்கட்டும் என்றார். கூட்டம் ஆமென் என்றது. அம்மாவின் குரலும் அதில் கேட்டது. டொக்டர் மேல்மாடிக்கு வந்து, உள்ளே ஒரு நோயாளி இருக்கிறாள், தயவுசெய்து தள்ளிப் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். முதல் கல் அவருடைய நெற்றியில் பட்டது. பிறகு எத்தனையோ கற்கள். கண்ணாடி கொட்டுகிற சத்தம்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ரோமப் படைவீரன் போர்வைக்குள்ளிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தான். வாயில் துணி அடைத்திருந்தது. ஸ்தலத்து மெழுகுதிரியிலேயே அதைப் பற்றவைத்து எறிந்தான். அங்கிள் கேட்டது பரலோக நெருப்பு. கிடைத்தது மண்ணெண்ணெய் நெருப்பு. கடைசியாக நான் பார்த்தது அதைத்தான். அதற்குள் தைலம் வேர்வையோடு கண்ணுக்குள் இறங்கிவிட்டது.

வெடித்த சத்தத்தில் யாரோ "குண்டு!" என்று கத்தினார்கள். கொழும்பில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எல்லாரும் ஓடினார்கள். சிலுவை தொப்பென்று சாக்கடைக் கானுக்குள் விழுந்தது காதில் கேட்டது. கேற்றடியில் நான் மட்டும் நின்றேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் நெருப்பு என்று தெரியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு கண்ணீர் எனக்கு வந்தது அன்றைக்கு ஒருநாள்தான். அதைப் பார்க்க ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

கேற்றின் கொண்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு டெட்டோல் வாசம்.

"ஒரு சொட்டெண்டெல்லோ சொன்னனான், மாடு!"

அவள் வெளியே வந்தாள். அத்தனை பேரும் தேடிய ஆள், எனக்காகக் கேற்றைத் திறந்துகொண்டு வந்தாள். தூக்கிக்கொண்டு போய் முற்றத்துக் குழாயடியில் இருத்தினாள்.

அப்போதுதான் சந்தி செக்பொயின்றிலிருந்து ஆமியும் பொலிசும் வந்தார்கள். ஓடினவர்களை வழியிலேயே மறித்துத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். என் கண் கொஞ்சம் திறந்தபோது, உடைந்த ஜன்னலில் நெருப்பு அணைந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. மதிலோரமாகப் பெடியன்கள் எல்லாம் கையில் அடையாள அட்டையோடு வரிசையாக நின்றார்கள். ரோமப் படைவீரர்கள் முன்னே, முள்முடியோடு இயேசு கடைசியில். அட்டைப் படத்தில் இல்லாத தாடி முகத்தில் இருந்ததால் பொலிஸ் ஐயா அதைக் கழற்றச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. தாய்மார் தெருவோரத்தில் நின்றார்கள். ஜீப்பின் பின்கதவு திறந்திருந்தது.

"மொகத உணே?" என்று பொலிஸ் ஐயா சின்னம்மாவைப் பார்த்துக் கேட்டார். என்ன நடந்தது என்று. யார் எறிந்தது என்றும் கேட்டார்.

சின்னம்மா அந்த வரிசையைப் பார்த்தாள். போத்தல் எறிந்தவன் மூன்றாவதாக நின்றான். கல்லெறிந்த கைகள் இன்னும் பல இருந்தன. கசெற் அங்கிள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் எறியேல்ல, சேர்" என்று சிங்களத்தில் அமைதியாகச் சொன்னாள். "எங்கட மண்ணெண்ணெய் அடுப்பு வெடிச்சது. அதில் கண்ணாடி உடைஞ்சது. டொக்டர் பயந்து படியில் விழுந்திட்டார்."

பெரிய வெள்ளிக்கிழமையில், அதுவும் சிலுவைப்பாதையில், இவ்வளவு பெரிய பொய்! சின்னம்மா நரகத்துக்குப் போய்விடுவாளே என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இல்ல சேர், அடுப்பு இல்ல. அந்த அண்ணா..."

அவ்வளவுதான். என் பிடரியைப் பிடித்துக் குழாய்க்கடியில் அமுக்கினாள். வாய், மூக்கு எல்லாம் தண்ணீர். "கண்ண நல்லாக் கழுவோணும், இல்லாட்டிக் கண் போயிடும்" என்று உரத்துச் சொன்னாள். நான் மூச்சுத் திணறித் திணறி விழுங்கினேன். மற்றக் கையால் என் முதுகை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மேலேயிருந்து டொக்டரும் நெற்றியில் துவாயை அழுத்திப் பிடித்தபடி, ஓம், அடுப்புத்தான் என்றார். பொலிஸ் ஐயா மதிலில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார், தமிழ் வாசிக்கத் தெரியாததால் விட்டுவிட்டார். ஜீப் வெறுமையாகத் திரும்பிப் போனது. அதன் பிறகுதான் மட்டக்குளிப் பெண்ணைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள் என்று பின்னொரு நாள் சின்னம்மா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

டொக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வெள்ளவத்தையிலிருந்த மகளிடம் போய்விட்டார். கசெற் அங்கிள் செபத்தை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். ஒழுங்கைக்குச் சின்னம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. அவள் எதிரே வந்தால் பெண்கள் வீட்டுக்குள் அலுவல் இருப்பதுபோல் திரும்பினார்கள். போத்தல் எறிந்த அண்ணாவின் தாய் மட்டும் ஒருமுறை எங்கள் வாசல்வரை வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சீனி இரவல் கேட்டுவிட்டுப் போனாள்.

"இனி இஞ்ச இருக்கேலாது உனக்கு" என்று அம்மா ஒருநாள் சொன்னாள்.

"எனக்கா, உங்களுக்கா அக்கா?"

அம்மா சின்னம்மாவின் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பின்னேரம் முழுக்கப் பேன் பார்த்தாள். அவளுக்குப் பேனே இல்லை.

அந்த வருஷம் யார் யாரோ வெளிநாடு போனார்கள். எல்லாருக்கும் காரணம் ஒன்றுதான், சண்டை. சின்னம்மாவுக்கும் அதுதான் என்று நினைத்தேன். ஆமிக்காரனால் எங்கள் சின்னம்மா போகிறாள் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். பிறகு தொலைபேசியில் அவள் குரல் வரும். சொன்ன பகிடி கடல் கடந்து போய், சிரிப்புத் திரும்பி வருவதற்குள் காசு முடிந்துவிடும். அவள் திரும்பி வரவேயில்லை.

ஒழுங்கையில் யார் வெளிநாடு போனாலும் வான் பிடித்து வழியனுப்பப் போவது எங்கள் வழக்கம். பயணம் போகிறவர் ஒருவர், ஏறுகிறவர்கள் இருபது பேர். பெரியவர்கள் சீற்றில், பிள்ளைகள் மடியில், என்னைப் போன்றவர்கள் சூட்கேஸ்களுக்கு நடுவில். கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேரும்வரை நான் யாருடையவாவது முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

சின்னம்மா போன அன்று அப்பா அதே பெரிய வானைத்தான் பிடித்திருந்தார். அது எங்கள் வாசலில் கனநேரம் நின்றது. டிரைவர் இரண்டு முறை ஹோர்ன் அடித்தார். அம்மா ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. "சரி, போவம்" என்றார் அப்பா.

நான்கு பேர்தான். எந்தச் சீற்றிலும் இருக்கலாம். வேண்டுமானால் படுக்கலாம். நான் ஒவ்வொரு சீற்றாக மாறி மாறி இருந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டேன். தலையை வெளியே நீட்டி, "சின்னம்மா, பாருங்க, முழு வானும் எங்களுக்குத்தான்!" என்று கத்தினேன்.

"ஓம் குஞ்சு" என்றாள் பின்சீற்றிலிருந்த சின்னம்மா. "நல்ல காத்து வரும். வடிவா இருந்து பார்."

களனிப் பாலம் தாண்டும்வரை நான் அவளைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.