பேருந்தில் எடுத்த வருகை

இருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். இல்லாதவர்கள் ஏழு பேர். கோவில்பட்டிக் கல்லூரியில் எங்கள் இரண்டாம் ஆண்டில், காலை ஒன்பதரை மணிக் கணக்கு இதுதான். அந்த ஏழில் நானும் ஒருவன். ஒன்பதரைக்கு நாங்கள் நாகலாபுரத்திலிருந்து வரும் ஒரே காலைப் பேருந்தில், கோவில்பட்டிக்கு இன்னும் ஐந்து மைல் இருக்க, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருப்போம்.

முதல் பாடவேளை தொடங்கியதும் பெயர் கூப்பிடுவார்கள். அப்போது இல்லையென்றால் அரை நாள் போயிற்று. பிந்தி வந்து சாயங்காலம்வரை வகுப்பில் இருந்தாலும் போனது போனதுதான். இப்படி அரை அரையாகப் போய், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் எங்கள் ஏழு பேர் பெயரையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். வருகை போதாது, தேர்வு எழுத முடியாது.

பலகையைப் பார்த்த அன்றே இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவன் புதியம்புத்தூரில் சட்டை தைக்கப் போனான். இன்னொருவன் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனான். மிச்சம் ஐந்து பேரில் ஒருத்திதான் பெண். அவள் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண்ணும் அவள்தான். "பரீட்சைக்கு விடலன்னா மறுநாளே வேன்ல ஏறிரணும்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடியுமுன்னே அவள் வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும்.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் கால் வைக்காதவர். விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டார்: "பஸ்ஸு பிந்தி வந்தா டிரைவரயில்லாலே கேக்கணும்? ஒன்னய ஏன் கேக்காவ?"

எனக்கு ரோஷம் வந்தது அந்தக் கேள்வியில்தான். மறுநாள் சரியாக ஒன்பதரைக்குப் பேருந்திலேயே பெயர் கூப்பிட்டேன். நான்கு பேரும் "உள்ளேன் ஐயா" என்று கத்தினார்கள். கத்தரிக்காய்க் கூடையோடு இருந்த ஒரு அக்கா, "நானும் உள்ளேன்யா" என்றாள். வண்டியே சிரித்தது.

"ஏலே, காலேஜ வண்டிக்குள்ளயே நடத்துதியளா? பீஸு யாருக்கு?" என்றார் நடத்துனர்.

"பீஸ நீங்களே வச்சுக்கோங்க அண்ணாச்சி. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

நாற்பது பக்க நோட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேருந்து நிலையத்தில் இறங்கியதும், வண்டி வரும் நேரத்தைக் குறிப்பவரிடம் ஓடி அவர் கையெழுத்தையும் வாங்கினோம். இருபத்திரண்டு நாள் இப்படி. ஒரு நாள்கூட வண்டி ஒன்பதே முக்காலுக்கு முன்னால் வந்ததில்லை.

நோட்டை முதல்வர் மேசையில் வைத்தோம். புரட்டிப் பார்த்துவிட்டு, "முந்தின பஸ்ல வரவேண்டியதுதானே?" என்றார்.

"முந்தி வாரது தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஒண்ணுதான் சார்" என்றாள் எங்களோடு வந்த அந்தப் பெண். "அதுல ஏறுனா அங்கனதான் எறக்குவாவ."

வெளியே நிற்கச் சொன்னார். நின்றோம். மதிய மணி அடித்தது. சோற்றுத் தூக்கை யாரும் திறக்கவில்லை. "போங்கப்பா, சார் சாப்பிடப் போணும்" என்றார் பியூன். "அவிய பதில் சொல்லட்டும், போறோம்" என்றேன்.

நான்கு மணிக்கு முதல்வர் கூப்பிட்டார். "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்க. பரீட்சைக்கு விடுறேன்."

"என்ன தப்புன்னு எழுதணும் சார்?" என்று கேட்டாள் அவள்.

முதல்வர் எங்கள் நோட்டை இழுத்து, கடைசிப் பக்கத்தில் 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதம் எழுதப்படவில்லை. ஐந்து பேரும் தேர்வு எழுதினோம்.

அடுத்த பருவத்திலிருந்து, முதல் பாடவேளை முடியும்போதுதான் பெயர் கூப்பிட்டார்கள். படிப்பை விட்டுப் போன இருவரையும் கல்லூரி கூப்பிடவில்லை. நாங்கள்தான் போய்க் கூப்பிட்டோம். வரமாட்டோம் என்றுவிட்டார்கள். புதிய முறைக்குப் புதிய வருகைப் பதிவேடு வேண்டுமாம், அதை வாங்கிவர என்னையே கடைக்கு அனுப்பினார்கள். எங்கள் ஏழு பேரையும் வகுப்பில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஆகியிருக்கக்கூடிய மொத்தச் செலவு அவ்வளவுதான்: பதினெட்டு ரூபாய்.