பெட்டிக்கு வெயில் காட்டியவர்

எல்லோரும் அவரைச் சிக்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மழைக்காட்டை வெட்டி மொட்டையடித்த ஒரு சரிவில் மறுபடி மரம் நட்டு, அது காடாகிறதா என்று பார்க்க நாற்பத்திரண்டு பெட்டிகளைக் கம்பங்களில் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஈரம், சூடு, வெயில் எல்லாவற்றையும் அளந்து, கம்பியில்லாமல் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். இப்படிக் காதோடு காதாகப் போய் அலுவலகக் கணினிக்கு விஷயம் வந்துவிடும். ஊர்வம்பு போகிற வழிதான். கைச்சரக்கு மட்டும் சேராது.

பெட்டிகளைக் காப்பது சிக்னலின் வேலை. ஏழு வருஷத்தில் ஒரு பெட்டியும் ஒரு நாள்கூட வாய் மூடியதில்லை. இந்தப் பெருமையை அவர் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் தினமும் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்துப் பொறியாளர் அம்மா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்கண்ணே. ஏழு வருஷமா அதே வெயில். நிழலே விழல. மரம் வளரலன்னு அர்த்தம். மாசக் கடைசியில பெட்டியைக் கழட்டிட்டு, சரிவைக் கைவிடச் சொல்லிட்டாங்க."

"வளரலையா? மழை பெஞ்சா என் தலை நனையவே கால் மணி நேரம் ஆகுது மேடம்!"

"பெட்டி பொய் சொல்லாதுண்ணே."

பொய் சொல்லாதுதான். அதுதான் அவரை அரித்தது. சாயங்காலம் வீட்டு வாசலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

பெட்டியின் மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சூரியத் தகடு உண்டு. அதன் மேல் இலை கவிந்தால் பெட்டி பட்டினி. அதனால் வாராவாரம், பெட்டிக்கு மேல் நீட்டிய கிளையையெல்லாம் அவர் வெட்டித் தள்ளினார். வெயிலை அளக்கிற கண்ணும் அதே மூடியில்தான் இருந்தது.

மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகலாம்."

"சொல்லலைன்னா?"

"காடு போயிடும்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்ப நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போங்க. திட்டு வாங்குறப்பவாவது பார்க்க நல்லா இருக்கணும்."

மறுநாள் பொறியாளரின் மேசையில் அரிவாளை வைத்தார். "நிழலை வெட்டினது நான்தான் மேடம்."

பொறியாளர் திட்டவில்லை. நேராகச் சரிவுக்குப் போய், இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் தெரியவில்லை. "அட போங்கண்ணே!" என்றார். அரிவாளை அலமாரியில் பூட்டினார். மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஆறு மாதத் தவணை வாங்கினார். "இனிமே ஒரு இலையைத் தொடக்கூடாது. பெட்டி செத்தா சாகட்டும். சாகிற வரைக்கும் அது சொல்றது போதும்."

பெட்டிகள் வரிசையாக நிழலைச் சொல்லிவிட்டு வரிசையாக அணைந்தன. தினமும் சாயங்காலம் மனைவி, "இன்னைக்கு எத்தனை?" என்பார். "ரெண்டு." "நல்லது, கை கழுவிட்டு வாங்க."

கடைசியாக மிஞ்சியது பதினேழாம் பெட்டி. அதன் மேல் சுண்டுவிரல் கனத்தில் ஒரு கிளை சாய்ந்திருந்தது. ஒடித்தால் போதும், பிழைத்துவிடும். சிக்னல் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கு இரண்டு தரம் மின்னி நின்றது.

சரிவைக் கைவிடுவதில்லை என்று முடிவானது. ஏழு வருஷம் ஒன்றையும் சாகவிடாதவர் ஐந்தே மாதத்தில் நாற்பத்திரண்டையும் பறிகொடுத்ததற்கு, அலுவலகம் பாராட்டுக் கடிதம் கொடுத்தது.

மனைவி அதை இரண்டு தரம் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"அழுதீங்களா?"

"பதினேழுக்கு மட்டும்."