பருப்பில் நான் ஊற்றிய நெய்

எங்கள் அண்ணன் அவர்கள் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து, அப்பா இறந்த வருடமே பதினான்கு வயதில் மண்டபம் வழியாகக் கடல் தாண்டி இலங்கையில் இந்த மலைக்கு வந்தவர்கள். கந்தப்பளைக் கடைவீதியில் பிறர் கடையில் மூட்டை சுமந்து, பிறகு சொந்தமாக மளிகைக் கடை வைத்தார்கள். தேயிலை விலை விழுந்து தோட்டத்து ஜனங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியபோது, ரயிலேறிய குடும்பங்களுக்கெல்லாம் கட்டுச்சோறு கொடுத்தார்கள். அண்ணி காலமாகி, நானும் கணவரை இழந்த பின் அந்த வீட்டு அடுப்பு என் பொறுப்பாயிற்று.

நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். எனக்கு அது முடியவில்லை. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

குளிருக்கு நெய்யும் கறியும்தான் தெம்பு என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். கறிக்குழம்பில் கொழுப்புத் துண்டாகத் தேடி அண்ணன் இலையில் வைப்பேன். ஒரு நாள் ஸ்டேஷன் மேட்டில் ஏறும்போது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நுவரெலியா டாக்டர் பார்த்தார். ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து இருதயத்துக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கிறது, நெய்யும் கொழுப்புக் கறியும் ஆகாது, உடம்பு இளைக்க வேண்டும் என்றார்.

அண்ணன் அப்படியே கேட்டார்கள். நாலு மாதத்தில் இளைத்து, அதே மேட்டில் நிற்காமல் ஏறினார்கள். "உடம்பு லேசா இருக்கும்மா" என்றார்கள். எனக்கோ அவர்கள் தோள் எலும்புதான் கண்ணில் பட்டது. ஒரு நாள் தோட்டத்துக் கங்காணி வீட்டம்மா கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாள்:

"என்னாங்கக்கா, மொதலாளி இப்படி வத்திப் போயிட்டாங்க? வீட்ல சோறு போடுறீங்களா, இல்லியா?"

மானம் போயிற்று. மறுநாளே பருப்பில் இரண்டு கரண்டி நெய் ஊற்றிக் கடைந்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். பிறகு தினமும் ஊற்றினேன். கன்னம் மறுபடி உப்பியது. ஊரார் பார்த்து மெச்சினார்கள். பாவி நான், பூரித்துப் போனேன்.

மறுபடி வலி வந்தபோது டாக்டர் வீட்டுக்கே வந்தார். சாப்பாட்டில் என்ன சேர்த்தீர்கள் என்று கோபமாகக் கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணன் சொன்னார்கள்:

"தங்கச்சி ஒரு சொட்டு நெய் காட்டலீங்க. நான்தான் வெளிய கண்டதையும் தின்னுட்டேன்."

டாக்டர் அண்ணனைத் திட்டினார். நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார்கள்.

கடையில் நெய் வாங்கும்போது மோந்து பார்த்தே எந்த ஊர் நெய் என்று சொல்கிறவர்கள் அவர்கள். முதல் கவளத்திலேயே தெரிந்திருக்கும். நான் நொந்துபோவேன் என்றுதான் தினமும் அதை விழுங்கியிருக்கிறார்கள். ஒரு வருடமாக இது ஒன்றுதான் என் மனதில் ஓடுகிறது. கோயிலுக்குப் போனாலும் ஆறவில்லை.

மழையில் பாடை சுமந்த தோட்டத்து மக்களுக்கும், கடைகளைச் சாத்தி வந்த கடைவீதிக்காரர்களுக்கும், மூன்று நாளும் வந்து பார்த்த டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டாக்டர் ஐயா, அன்று அண்ணன் சொன்னது பொய். அவர்களைத் திட்டியிருக்கக் கூடாது, என்னைத் திட்டியிருக்க வேண்டும்.