குறிப்பு ஏழு

கையேட்டைப் படிக்காமல் கை வைத்தவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. பதினாறு பக்கங்களையும் அச்செடுத்து, துளையிட்டு, நூல் கோர்த்து, ஒரு கோப்பில் போட்டுத்தான் படித்தேன். முக்கியமான வரிகளுக்கு அடிக்கோடும் போட்டேன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவனுக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது. எந்தக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. எல்லாம் ஒன்றுதான்.

விடயம் என் மனைவியின் குரல். தொண்டையில் வந்த நோய்க்குக் குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சொன்ன டொக்டர், போகிற போக்கில், "அதுக்கு முந்தி கொஞ்சம் பேசிப் பதிஞ்சு வச்சுக்கங்க" என்றும் சொன்னார். அவள் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். ஆனால் போனைக் கையில் கொடுத்ததும், "என்னத்தங்க பேசுறது?" என்றாள். முதலாவது பதிவே அந்தக் கேள்விதான்.

மொத்தம் பதினொரு பதிவுகள். ஒன்றில் பத்திரிகையை எடுத்து வானிலை அறிக்கை வாசிக்கிறாள். ஒன்றில், கட்டாரில் இருக்கும் மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்னென்ன பெயர் வைக்கக் கூடாது என்று பட்டியல் போடுகிறாள். இன்னொன்றில் பாதியில் எழுந்து போய் வாசலில் மீன்காரனோடு சண்டை பிடிக்கிறாள். "நேத்து கொண்டாந்ததையே தண்ணி தெளிச்சுக் கொண்டாந்திருக்கியே, எனக்கென்ன கண்ணும் போயிருச்சுன்னு நெனச்சியா?" பின்னால் யாழ்ப்பாண பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்கள் பலாபத்வலயைக் கடக்கிறது. பதினொன்றில் அதுதான் சிறந்தது.

சத்திரசிகிச்சை முடிந்து வந்த பிறகு அவள் பேசுவதெல்லாம் ஒரு கொப்பியில்தான். சிவப்புப் பேனை. பழக்கம்.

பதிவுகளை உடனே கணினிக்கு மாற்றி மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் இலக்கம், தலைப்பு, நேரம், பொருள் என்று முதலில் ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும், அதன் பிறகுதான் பிரதி என்று முடிவு செய்தேன். பதிவேட்டுக்கு எத்தனை நிரல் என்று தீர்மானிப்பதிலேயே ஒரு வருடம் போனது. அதற்குள் போன் விழுந்து உடைந்தது. உள்ளே இருந்த மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டால், கார்டைப் படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். அந்த அளவு புத்தி இருந்தது.

மாத்தளை டவுனில் ஒரு கடைக்காரரிடம் கொண்டுபோனேன். "இது போயிருச்சு ஐயா. ஃபோமட் பண்ணித் தாறேன், புது மாதிரி ஆயிரும்" என்றார். கார்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழுதான கார்டிலிருந்து கோப்புகளை மீட்கும் ஒரு மென்பொருளை மகள்தான் போனில் சொன்னாள். "இலவசம்ப்பா. ஆனா பட்டன் கிட்டன் ஒன்னும் இருக்காது. கறுப்புத் திரையில கட்டளைய நீங்களே டைப் பண்ணணும். கையேடு இருக்கு. கையேடுன்னா உங்களுக்குச் சந்தோஷந்தானே?"

"சுற்றறிக்கை மாதிரி இருக்குமா?"

"அதவிட மோசம்ப்பா."

நான் சிரித்தேன். அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கையேடு கட்டளைகளை அகர வரிசையில் அடுக்கியிருந்தது. கார்டு பழுதாகி உட்கார்ந்திருப்பவனுக்கு முதலில் என்ன வேண்டும், அடுத்து என்ன வேண்டும் என்ற வரிசை எங்கும் இல்லை. கட்டளையில் ஆங்கிலச் சிறிய ஆர் எழுத்தைப் போட்டால் ஒரு வேலை, பெரிய ஆர் என்றால் இன்னொரு வேலை. சிறிய ஆரைப் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி: "மீட்பைச் செய்யும்." மேலதிக விபரத்துக்கு வேறொரு பக்கம் பார்க்கவும் என்றது. அந்தப் பக்கம், இந்தப் பக்கத்தைப் பார்க்கவும் என்றது. எழுதியவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் ஒருவன் வந்து இதைப் படிப்பான் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை.

பதின்மூன்றாம் பக்கத்தில் உதாரணங்கள். முதல் உதாரணம் சிறிய ஆர். கடைசிப் பக்கத்தில் ஒன்பது குறிப்புகள். ஏழாவது குறிப்பு இது: "நேரடித் திருத்த முறை மூல ஊடகத்தின் மேலேயே எழுதும். பிரதி எடுத்த பின் பிரதியில் செய்க." படித்தேன். அடிக்கோடும் போட்டேன். ஆனால் எனக்கு வேண்டியது மீட்பு. நேரடித் திருத்தம் வேறு யாருக்கோ என்று எண்ணினேன். சிறிய ஆர்தான் நேரடித் திருத்த முறை என்று அந்தப் பதினாறு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

காலை பத்து மணிக்கு உதாரணத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் டைப் செய்து என்டரைத் தட்டினேன். நிச்சயமா என்று கூடக் கேட்கவில்லை. ஒரு பொத்தானைத் தொட்டால் மூன்று தடவை கேட்கிற காலத்தில், இது ஒன்றும் கேட்கவில்லை. சில நிமிடங்கள் கழித்து, அடுத்த கட்டளைக்காக வெறும் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. கார்டைத் திறந்து பார்த்தேன். பதினொரு கோப்புகளின் பெயர்களும் இருந்தன. ஒவ்வொன்றின் அளவும் பூச்சியம். மீண்டும் அந்தக் கடைக்காரர், மகளுக்குத் தெரிந்த ஒருவர், எல்லாரும் பார்த்துவிட்டார்கள். எழுதியதன் மேல் எழுதிவிட்டதாம். இனி வராதாம்.

மனைவி குசினியில் பலாக்கொட்டை தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கொப்பியை எடுத்தாள்.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அடுத்த வரியில் எழுதினாள்: "மீன்காரனுமா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் கொப்பியை மூடிவிட்டுக் கொட்டைகளுக்குத் திரும்பினாள்.

அப்போதுதான், முன்பு இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து என் கந்தோருக்கு வந்த ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு வந்தார். மகளுடைய பிறப்பைக் காலம் கடந்து பதிவதற்காக மூன்று தடவை பஸ் ஏறி வந்தவர். மூன்றாம் தடவையும் ஒரு கடிதம் குறைந்தது. விண்ணப்பதாரர்களுக்கான அறிவுறுத்தல் தாளை வரைந்தவன் நான். அந்தக் கடிதத்தைப் பற்றித் தாளின் பின்பக்கத்தில், கடைசிக் குறிப்பில் போட்டிருந்தேன். "பின்பக்கம் பாருங்கம்மா, போட்டிருக்கு" என்றேன். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "படிச்சேங்க ஐயா. அது எங்களுக்குத்தான்னு தெரியலைங்க."

அன்று வீட்டுக்கு வந்து இதை ஒரு பகிடியாகத்தான் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "அந்த ஒரு வரிய மேல போட்டா நீங்க என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டாள். நோக்கம், ஏற்புடைமை, நடைமுறை, குறிப்புகள் என்ற வரிசைக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். சோறு ஆறும்வரை விளங்கப்படுத்தினேன். அந்தப் பெண்மணி நான்காம் தடவை வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாள் நான் ஓய்வு பெறும்வரை மாறவில்லை.

மென்பொருளை எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். கோபப்படவில்லை. ஏழாம் குறிப்பை முதல் பக்கத்திலும், சிறிய ஆருக்குப் பக்கத்திலும் போடுங்கள் என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். "நீங்கள் குறிப்பிடும் விடயம் ஆவணத்தில் ஏற்கனவே உள்ளது. குறிப்பு ஏழைப் பார்க்கவும்." முறைப்பாடு முடிவுறுத்தப்பட்டது. நானாக இருந்தாலும் இதே வசனத்தைத்தான் எழுதியிருப்பேன். இதைவிடச் சுருக்கமாக எழுதியிருப்பேன்.

சரி, நாமாவது செய்வோம் என்று, அந்த மென்பொருளைப் பாவிக்கப்போகும் யாரோ ஒருவருக்காகத் தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவும் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் எடுத்தது. மனைவியிடம் காட்டினேன்.

அவள் விடைத்தாள் பார்ப்பது போலப் பார்த்தாள். எழுதினதெல்லாம் சரியா பிழையா என்று ஒன்றும் போடவில்லை. நான்காம் பந்தியில் இருந்த "முதலில் பிரதி எடுக்கவும்" என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டாள். அதிலிருந்து ஒரு அம்புக்குறியை இழுத்தாள். நடைமுறையைத் தாண்டி, ஏற்புடைமையைத் தாண்டி, நோக்கத்தையும் தாண்டி, தாளின் உச்சி வரைக்கும் இழுத்துத் தாளை என்னிடம் தந்தாள்.

அதைத்தான் அன்றைக்கு வாயால் சொன்னாள். "என்ன கொறஞ்சா போயிருவீங்க?" சொற்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. தாளைப் பிடித்துக்கொண்டு அவற்றை அவளுடைய குரலில் கேட்கப் பார்த்தேன். என் குரலில் நான் வாசிப்பது போலத்தான் கேட்டது.